தனி ஆளாக ஒரு டூம் மெட்டல் ஆல்பம்: ட்யூனிங்கிலிருந்து மாஸ்டர் வரை

வேகமான மெட்டலில் தவறு ஒளிந்துகொள்ள இடம் உண்டு. 200 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 200 அடி) ஓடும் பாட்டில் ஒரு ஸ்ட்ரிங் கொஞ்சம் ஸ்ருதி விலகினாலும் ஸ்நேர் லேசாக முந்தி விழுந்தாலும் அடுத்த நோட்டு வந்து மூடிவிடும். மிக மெதுவான, கனத்த டூம் மெட்டலில் அந்த வசதி கிடையாது. 50 பிபிஎம்மில் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே 1.2 விநாடி. நாலு அடி கொண்ட ஒரு பார் முடிய 4.8 விநாடி. அத்தனை நேரமும் கேட்பவர் காதில் நிற்பது அடித்த பிறகு வரும் கார்வைதான். பிக்கப்பின் உறுமல், நோட்டு நழுவுவது, சிம்பல் சாம்பிள் பாதியில் அறுந்துபோவது எல்லாம் அந்தக் கார்வையில் அப்பட்டமாகத் தெரியும். கீழே வரும் வேலைகளில் பாதி, அதைக் காப்பாற்றும் வேலை.

தனி ஆள் ஆல்பம் இந்த வகையில் புதிதல்ல. டென்மார்க்கின் நார்ட், பெல்ஜியத்தின் அன்டில் டெத் ஓவர்டேக்ஸ் மீ இரண்டுமே ஒற்றை ஆள் நடத்தும் பெயர்கள். சாமான் பட்டியலும் சின்னதுதான்: ஒரு கிட்டார், ஒரு பேஸ், ஒலியைக் கரகரப்பாக்கும் ஒரு ஃபஸ் பெடல், கிட்டாரைக் கணினியில் இணைக்கும் இரண்டு இன்புட் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ், காதை முழுக்க மூடும் ஹெட்ஃபோன், ஒரு டைனமிக் மைக், 8 ஜிபி ரேம் உள்ள லேப்டாப். மென்பொருளுக்கு ரீப்பர் போதும். 60 நாள் இலவசமாக ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்கலாம். வால்வ் ஆம்ப் இருந்தால் நல்லது. இல்லையென்றாலும் ஆல்பம் நிற்காது.

முதலில் நீளக் கணக்கு

எதில் வெளியிடப் போகிறீர்கள் என்பதை ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி) எழுதும்போதே முடிவு செய்துவிடுங்கள். வினைலில் ஒரு பக்கத்துக்கு 18 முதல் 22 நிமிடம் வரை வைத்தால் சத்தம் நிறைவாக வரும். அதற்கு மேல் போனால் தட்டில் ஒலியை வெட்டிப் பதிப்பவர் ஒலி அளவைக் குறைத்தாக வேண்டும், முதலில் அடிபடுவது பேஸ். சி60 கேசட்டில் பக்கத்துக்கு 30 நிமிடம். சிடியில் 80 நிமிடம் வரை போகலாம்.

50 பிபிஎம்மில் எட்டு பார் ரிஃப் ஒருமுறை சுற்றி வர 38.4 விநாடி. நாலு முறை வாசித்தால் 2 நிமிடம் 34 விநாடி. அப்படி நாலு ரிஃப் இருந்தால் பாட்டு பத்து நிமிடத்தைத் தாண்டிவிடும். ஆக நாலு பாட்டு எழுதினால் ஒரு எல்பி நிரம்பியது. புதிதாக எழுதுபவர்கள் ஒரு பாட்டில் ஒன்பது பத்து ரிஃப்பைத் திணித்துவிட்டு, ஏன் 25 நிமிடம் ஆகிறது என்று திகைப்பார்கள். மூன்று ரிஃப்பும் ஒரு இடைப்பகுதியும் போதும். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் ஏதாவது ஒன்று மாற வேண்டும்: இரண்டாம் சுற்றில் பேஸ் நுழையட்டும், மூன்றாவதில் ரைடு கிராஷாக மாறட்டும், நாலாவதில் கடைசி பாரில் ஒரு நோட்டை மட்டும் அரை ஸ்வரம் இறக்குங்கள். ஒன்றும் மாறாத நாலு சுற்றுக்குக் காப்பி பேஸ்ட் வாடைதான் அடிக்கும்.

ட்யூனிங், ஸ்ட்ரிங், நட்

கீழே இறக்கி ட்யூன் செய்யும் வழக்கம் பர்மிங்ஹாமில் தொடங்கியது. பிளாக் சபாத்தின் டோனி ஐயோமி இடதுகைக்காரர். உலோகத் தகடு தொழிற்சாலை விபத்தில் அவருடைய வலது கையின் இரண்டு விரல் நுனிகள் போயின. ஃப்ரெட்டை அழுத்தும் கை அது. ஸ்ட்ரிங் தளர்ந்தால் அந்த விரல்களுக்குச் சுலபம். 1971இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'யில் பல பாட்டுகள் மூன்று அரை ஸ்வரம் இறக்கி வாசிக்கப்பட்டவை. இன்றைய டூமில் சி ஸ்டாண்டர்ட் (தடித்த ஸ்ட்ரிங்கிலிருந்து சி, எஃப், பி ஃப்ளாட், இ ஃப்ளாட், ஜி, சி) சாதாரணம். ட்ராப் ஏ (தடித்த ஸ்ட்ரிங்கை மட்டும் கூடுதலாக இறக்கி ஏவில் வைப்பது) வரை இறங்குபவர்களும் நிறைய.

ஐயோமி மெல்லிய ஸ்ட்ரிங்கில் சமாளித்தார் என்று நீங்களும் 10-46 செட்டை (ஸ்ட்ரிங் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) போட்டு அப்படியே சி வரை இறக்காதீர்கள். ஸ்ட்ரிங்கின் இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். கீழ் இ 82.4 ஹெர்ட்ஸ், கீழ் சி 65.4 ஹெர்ட்ஸ். அதே ஸ்ட்ரிங்கை இறக்கினால் இழுவிசையில் 37 சதவீதம் காணாமல் போகும். தளர்ந்த ஸ்ட்ரிங்கை அடித்த கணத்தில் ஸ்ருதி மேலே எகிறி, பிறகு வழுக்கி இறங்கும். விரலைக் கொஞ்சம் அழுத்தினாலே கார்ட் கோணிவிடும்.

பழைய இழுவிசை திரும்ப வேண்டுமென்றால் அதிர்வெண் குறைந்த அதே விகிதத்தில் தடிமன் கூட வேண்டும். 46 இருந்த இடத்தில் 82.4 வகுத்தல் 65.4, அதாவது 58. கீழ் ஏ (55 ஹெர்ட்ஸ்) வரை போவதானால் 69. கடையில் சி ட்யூனிங்குக்கு 12-60 செட் கிடைத்தால் அதுவே சரி. ஏ ட்யூனிங்குக்கு மெல்லிய பக்கம் 13இல் தொடங்கும் செட்டை எடுத்து, ஆறாவது ஸ்ட்ரிங்கை மட்டும் 68 அல்லது 70 ஆகத் தனியாக வாங்கிப் போடலாம். 24.75 அங்குல ஸ்கேல் கிட்டாரைவிட 25.5 அங்குலக் கிட்டாரில் அதே செட் 6 சதவீதம் இறுக்கமாக நிற்கும், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தடித்த செட்டைப் போட்டதும் பிரச்சினை நட்டில் (கழுத்தின் மேல்முனையில் ஸ்ட்ரிங் உட்காரும் பள்ளக் கட்டை) வரும். 46க்கு வெட்டிய பள்ளத்தில் 58 இறங்காமல் விளிம்பில் உட்காரும். முதல் ஃப்ரெட் கார்டுகள் ஸ்ருதி ஏறிக் கேட்கும். ட்யூனரைத் திருகும்போது 'டிக்' என்று ஒரு சத்தம், பிறகு ஸ்ருதி ஒரே தாவாகத் தாவும். நட் அரத்தால் பள்ளத்தின் பக்கச் சுவரை மட்டும் தேய்த்து அகலப்படுத்துங்கள். அடித்தளத்தைத் தொட்டுவிட்டால் திறந்த ஸ்ட்ரிங் ஃப்ரெட்டில் பட்டுக் கரகரக்கும், நட்டையே மாற்ற வேண்டிவரும். கடைசியாகப் பென்சில் தூளைக் கொஞ்சம் பள்ளத்தில் தடவுங்கள்.

அடுத்து இன்டோனேஷன், அதாவது கழுத்து முழுவதும் ஸ்ருதி ஒத்துப்போவது. 12ஆவது ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கையும் அழுத்திய நோட்டையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். அழுத்தியது ஏறியிருந்தால் சாடிலை (பிரிட்ஜில் ஸ்ட்ரிங் உட்காரும் துண்டு) பின்னால், கழுத்தை விட்டு விலக்கி நகர்த்த வேண்டும். ட்யூனோமாட்டிக் பிரிட்ஜில் ஆறாவது ஸ்ட்ரிங்குக்கு இடம் தீர்ந்துபோவது அடிக்கடி நடக்கும். சாடிலைக் கழற்றித் திருப்பிப் போட்டால் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கூடுதலாகக் கிடைக்கும்.

ரெக்கார்டிங்கின்போது ட்யூன் செய்யும் விதமும் இங்கே வேறு. வேகமான மெட்டலில் நோட்டின் தொடக்கத்தைப் பார்த்து ட்யூன் செய்வார்கள், ஏனென்றால் அதற்கு மேல் அங்கே நோட்டு நிற்பதில்லை. டூமில் வாசிக்கும் அதே பலத்தில் அடித்து, ஒரு விநாடி விட்டு, முள் எங்கே வந்து நிற்கிறதோ அதைச் சரிசெய்யுங்கள். ஒவ்வொரு டேக்குக்கு (ஒருமுறை வாசித்துப் பதிவு செய்வது) முன்னும் இது கட்டாயம். மூன்றாம் டேக்கில் அலுப்பாக இருக்கும், அங்கேதான் ஸ்ருதி போகும்.

தாளத்தை யார் நடத்துவது

பேண்டில் வாசிப்பவர்களுக்கு ட்ரம்மர் முகம் பார்த்து வேகத்தை மாற்றுவார். தனி ஆளுக்கு க்ளிக் (மெட்ரோனோம் ஒலி) மட்டுமே துணை. 50 பிபிஎம்மில் நேரான க்ளிக்கை வைத்து வாசித்தால் எல்லோரும் முந்துவார்கள். சௌக்க காலத்தில் தாளம் போடத் திணறுவதும் இதே சங்கதிதான், அடிக்கும் அடிக்கும் நடுவே பிடிப்பு இல்லை. க்ளிக்கை இரண்டாகப் பிரித்து 100இல் ஓடவிடுங்கள். ஷஃபிள் போன்ற ரிஃப் என்றால் மூன்றாகப் பிரித்து 150.

இன்னொன்று: முதல் அடியிலிருந்து கடைசி வரை ஒரே வேகத்தில் பூட்டிய டூம் பாட்டு செத்துக் கிடக்கும். முதலில் க்ளிக் இல்லாமல் பாட்டு முழுவதையும் கிட்டாரில் ஒருமுறை கச்சாவாகப் பதிவு செய்து, எந்தப் பகுதி எந்த வேகத்தில் இயல்பாக வருகிறது என்று அளந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் பாடும் பகுதி 52இலும் கனத்த ரிஃப் 48இலும் நிற்கும். அதை அப்படியே டெம்போ ட்ராக்கில் எழுதிவிட்டு, அதன் மேல் ட்ரம்ஸைக் கட்டுங்கள். இரண்டு மூன்று பிபிஎம் இறக்கம் எண்ணாகப் பார்த்தால் அற்பம், காதுக்கு நன்றாகத் தெரியும்.

ட்ரம்ஸ்

ட்ரம்ஸை நிஜமாக அடிப்பதில்லை, பதிவு செய்து வைத்த அடிகளை (சாம்பிள்) மென்பொருளில் அடுக்குகிறோம். இலவசமாகவே எம்டி பவர் ட்ரம் கிட், ஸ்டீவன் ஸ்லேட்டின் எஸ்எஸ்டி 5.5 ஃப்ரீ இரண்டும் கிடைக்கின்றன. எதை எடுத்தாலும் முதல் சோதனை ஒன்றுதான்: கிராஷ் சிம்பலை ஒரே ஒரு அடி அடித்து, வேறு எதுவும் இல்லாமல் கடைசி வரை கேளுங்கள். அதன் ரீங்காரம் நாலைந்து விநாடிக்குள் வெட்டுப்பட்டால் அந்தக் கிட் டூமுக்கு உதவாது. வேகப் பாட்டில் யாரும் கவனிக்க மாட்டார்கள். இங்கே ஒவ்வொரு பார் முடிவிலும் ஒரு ஓட்டை விழும். சாம்ப்ளரில் ஒரே நேரத்தில் ஒலிக்கும் சாம்பிள்களின் எண்ணிக்கைக்கு வரம்பு இருந்தால் அதையும் உயர்த்துங்கள். இல்லையென்றால் புது அடி வரும்போது பழைய சிம்பலின் வாலை அது வெட்டிவிடும்.

எழுதும்போது ட்ரம்மருக்கு இரண்டு கை, இரண்டு கால் என்பது நினைவில் இருக்கட்டும். ரைடு, கிராஷ், ஸ்நேர் மூன்றும் ஒரே நொடியில் விழுந்தால் மூன்றாவது கை யாருடையது? கிராஷ் விழும் இடத்தில் அநேகமாக எப்போதும் கிக் சேர்ந்தே விழும், கிக் இல்லாத கிராஷ் அந்தரத்தில் தொங்கும். வெலாசிட்டியில் (அடியின் பலம், 127 வரை) ஸ்நேரின் முக்கிய அடிகளுக்கு 115 முதல் 125, கிக்குக்கு 105 முதல் 118, ரைடுக்கு ஒன்றுவிட்டு ஒன்று 100, 82 என்று ஏற்ற இறக்கம். 127ஐ எங்கும் வைக்காதீர்கள், அதே ஒரு சாம்பிள் திரும்பத் திரும்ப வந்து காட்டிக்கொடுத்துவிடும்.

கனம் வேண்டுமா, கிக்கைத் தொடாமல் ஸ்நேரை மட்டும் 10 முதல் 15 மில்லிசெகண்ட் பின்னால் தள்ளுங்கள். கிக்கையும் சேர்த்துத் தள்ளினால் மொத்தமும் தள்ளிப்போகுமே தவிர இழுவை கிடைக்காது. 25 தாண்டினால் தடுமாற்றமாகக் கேட்கும். ஃபில்களை (பகுதிகளுக்கு நடுவே வரும் நிரப்பு அடிகள்) டாமில் வையுங்கள். 50 பிபிஎம்மில் பதினாறாவது நோட்டுக்கே 300 மில்லிசெகண்ட் கிடைக்கிறது, ஆகையால் கடைசி இரண்டு அடியில் எட்டு டாம் அடி அவசரமில்லாமல் உட்காரும்.

ரிதம் கிட்டாரும் ஃபஸ்ஸும்

ஆல்பத்தின் முகம் இதுதான். பிக் மஃப் வகை பெடல் என்றால் சஸ்டெய்னைப் பாதிக்குக் கொஞ்சம் மேலேயும் டோனைப் பாதிக்குக் கீழேயும் வைத்துத் தொடங்குங்கள். அறையில் தனியாக வாசிக்கும்போது மலை போல இருக்கும், ட்ரம்ஸ் சேர்ந்ததும் ஆளைக் காணோம். அந்தப் பெடலின் டோன் சர்க்யூட் 1 கிலோஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தை வெட்டிக் குழியாக்குகிறது. கிட்டார் மிக்ஸில் தெரிவதே அந்த நடு அலைவரிசையால்தான். ஃபஸ்ஸுக்குப் பிறகு ஒரு ஈக்யூ (அலைவரிசைகளை ஏற்றி இறக்கும் கருவி) வைத்து 600 முதல் 900 ஹெர்ட்ஸில் 4 டெசிபல் ஏற்றுங்கள். ஃபஸ் ஃபேஸ் வகை என்றால் கிட்டாரிலிருந்து நேராக அதற்குள் போக வேண்டும். நடுவே பஃபர் (சிக்னலைத் தாங்கிக் கொடுக்கும் சர்க்யூட்) உள்ள ட்யூனர் பெடல் நின்றால் ஒலி கீறும், கிட்டாரின் வால்யூமைக் குறைத்தாலும் சுத்தமாகாது.

ஃபஸ்ஸுக்குள் மூன்றாம் ஸ்வரம் சேர்ந்த முழு கார்டை விடாதீர்கள். டிஸ்டார்ஷன், உள்ளே வரும் நோட்டுகளின் கூட்டலையும் கழித்தலையும் புது நோட்டுகளாக உண்டாக்கும். ரூட்டும் (கார்டின் ஆதார ஸ்வரம்) ஐந்தாவதும் மட்டும் போனால் அந்தக் கழித்தல் ரூட்டுக்குச் சரியாக ஒரு ஆக்டேவ் கீழே விழும். சி பவர் கார்டில் அது 32.7 ஹெர்ட்ஸ். அதனால்தான் இரண்டு நோட்டு கார்ட் ஃபஸ்ஸில் அத்தனை பெரிதாகக் கேட்கிறது. மூன்றாவது சேர்ந்தால் கழித்தல்கள் கண்ட இடத்தில் விழுந்து சேறாகிவிடும். மைனர் சோகம் வேண்டுமென்றால் அந்த மூன்றாம் ஸ்வரத்தைத் தனி ட்ராக்கில், தனி டேக்காக வாசித்துச் சேருங்கள்.

ஆம்பை மைக்கில் பிடிப்பதானால் எஸ்எம்57 மைக்கை ஆம்பின் முன்துணியிலிருந்து 2 அல்லது 3 செ.மீ. தள்ளி, ஸ்பீக்கரின் நடு மூடி முடிந்து கூம்பு தொடங்கும் கோட்டுக்கு நேராக வையுங்கள். அங்கிருந்து விளிம்புப் பக்கம் 2 செ.மீ. நகர்த்தினால் இருண்டுபோகும், நடுவுக்கு நகர்த்தினால் கூர்மையாகும். ஈக்யூவைத் திருகும் முன் மைக்கை நகர்த்திப் பாருங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு வேறு வழி: கிட்டார், ஃபஸ், இன்டர்ஃபேஸின் இன்ஸ்ட்ருமென்ட் இன்புட், அதன் பிறகு நியூரல் ஆம்ப் மாடலர் என்ற இலவச ப்ளகின்னில் கெய்ன் குறைந்த ஒரு ஆம்ப் மாடல், கடைசியாக கேபினட் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் (ஸ்பீக்கர் பெட்டியின் ஒலியைக் கொண்டுவரும் ஃபைல்). அந்தக் கடைசி ஒன்றை விட்டுவிட்டால் கேட்பது ஒயர் கருகுவது போன்ற கீச்சொலிதான். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில், உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் பதிவு செய்யுங்கள். இன்டர்ஃபேஸ் அமைப்பில் பஃபர் (கணினி ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் அளவு) ரெக்கார்டிங்கின்போது 128 சாம்பிள், மிக்ஸில் 1024.

இரைச்சலை ஒழிப்பது எப்படி? நாய்ஸ் கேட் (ஒலி ஓர் அளவுக்குக் கீழே போனதும் மூடிவிடும் கருவி) இங்கே எதிரி. ஸ்ட்ரிங்கின் ஒலி இறங்கி இரைச்சல் அளவுக்கு வரும் இடத்தில்தான் கார்வையின் அழகே இருக்கிறது, கேட் அதைக் கழுத்தோடு வெட்டும். மூலத்திலேயே குறையுங்கள்: லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள். பெடலுக்கும் 9 வோல்ட் பேட்டரி. மின்விசிறியின் எலக்ட்ரானிக் ரெகுலேட்டரும் டிம்மர் விளக்கும் சிங்கிள் காயில் பிக்கப்பில் கொரகொரவென்று ஏறும், இரண்டையும் அணைத்துவிட வேண்டும். வியர்க்கத்தான் செய்யும். இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சார உறுமல் 50 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் வரும். நாற்காலியில் உட்கார்ந்தபடியே மெல்லத் திரும்பிப் பார்த்தால் ஒரு கோணத்தில் அது அடங்கும், தரையில் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். மிச்சம் இருப்பதை, ரிஃப் முழுவதும் நிற்கும் இடங்களில் மட்டும் கையால் வெட்டி 50 மில்லிசெகண்ட் ஃபேட் போடுங்கள்.

ஒவ்வொரு ரிஃப்பையும் தனித்தனியாக இரண்டு முறை வாசித்து ஒன்றை முழு இடம், ஒன்றை முழு வலம். ஒரே டேக்கைக் காப்பி எடுத்து இரண்டு பக்கமும் வைத்தால் நடுவில் ஒரு கிட்டார்தான் கேட்கும். காப்பியை 15 மில்லிசெகண்ட் நகர்த்தினால் அகலமாகத் தோன்றும், ஆனால் ஃபோன் ஸ்பீக்கரில் மோனோவாகும்போது குடைந்துவிடும். இரண்டு டேக்கின் தொடக்கமும் 20, 30 மில்லிசெகண்ட் விலகினாலும் பாதகமில்லை. முடிவு ஒன்றாக இருக்க வேண்டும். இடது கிட்டார் நின்ற பிறகு வலது அரை விநாடி இழுத்தால் அது பிழையாகவே கேட்கும். நாலு ட்ராக் அடுக்கும் ஆசையை இங்கே விட்டுவிடலாம், ஃபஸ்ஸில் நாலு அடுக்கு வெறும் மூட்டம்.

ஹெட்ஃபோனில் வாசித்தால் ஃபீட்பேக் வராது. அது தேவைப்படும் முடிவுகளுக்கு மட்டும் மானிட்டர் ஸ்பீக்கரைத் திறந்து, அரை மீட்டருக்குள் கிட்டாரைக் கொண்டுபோய் நில்லுங்கள். அக்கம்பக்கம் அனுமதிக்காவிட்டால் ஈபோ (ஸ்ட்ரிங்கைக் காந்தத்தால் அதிரவைக்கும் கைக்கருவி) ஒன்று வாங்கிவிடலாம்.

பேஸ்

நாலு ஸ்ட்ரிங் பேஸில் சி ஸ்டாண்டர்டுக்கு, ஐந்து ஸ்ட்ரிங் செட்டை வாங்கி அதன் கீழ் நாலையும் (130, 105, 85, 65) போட்டு அரை ஸ்வரம் ஏற்றுங்கள். சரியாக சி, எஃப், பி ஃப்ளாட், இ ஃப்ளாட். நட் வேலை இதற்கும் உண்டு. கீழ் சியின் அடிப்படை 32.7 ஹெர்ட்ஸ், லேப்டாப் ஸ்பீக்கரும் ஃபோனும் அதைத் தொடக்கூட முடியாது. கேட்பவருக்குப் பேஸ் இருப்பது தெரிவது 65, 98, 131 ஹெர்ட்ஸில் வரும் மடங்குகளால். அதனால் பேஸை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு ட்ராக்கில் 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை மட்டும் விட்டு, 4:1 கம்ப்ரஸரில் (ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கருவி) 6 டெசிபல் அழுத்துங்கள். இன்னொன்றில் 250க்கு மேலே உள்ளதை மட்டும் ஃபஸ்ஸில் விடுங்கள். இரண்டையும் சேர்க்கும்போது ஒன்றின் போலாரிட்டியை (அலையின் மேல்கீழ் திசை) திருப்பிப் பார்த்து, எதில் அடித்தளம் தடித்துக் கேட்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

குரல்

போர்வையையும் ஜமுக்காளத்தையும் பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் தொங்கவிட வேண்டும். டைனமிக் மைக் முகம் பார்த்து நிற்கிறது, பின்சுவரிலிருந்து திரும்பி வரும் ஒலிதான் அதற்குள் போகும். வாயிலிருந்து 10 செ.மீ. க்ரௌல் (உறுமிப் பாடுவது) என்றால் ஒரு அமர்வுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். சத்தத்தை மைக்கும் கம்ப்ரஸரும் பார்த்துக்கொள்ளும், தொண்டையால் தள்ளத் தேவையில்லை. கரகரப்போடு இருமல் வந்தாலோ வலித்தாலோ அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். சுத்தமான குரலை இரண்டு முறை பாடி, ஒன்றை 6 டெசிபல் கீழே வைத்தால் குரலுக்குக் கனம் கிடைக்கும். டிலே நேரத்துக்கு 60000ஐ பிபிஎம்மால் வகுத்துக்கொள்ளுங்கள்: 50க்கு 1200 மில்லிசெகண்ட், புள்ளி வைத்த எட்டாவது நோட்டுக்கு 900.

தனியாக ஆல்பம் செய்பவர்கள் தங்கள் குரலைப் புதைத்துவிடுவது சகஜம், சொந்தக் குரல் யாருக்கும் பிடிப்பதில்லை. நீங்கள் சரி என்று நினைக்கும் இடத்திலிருந்து ஒன்றரை டெசிபல் ஏற்றி வைத்தால் பெரும்பாலும் சரியாக அமையும்.

மிக்ஸ்

ட்ரம்ஸையும் பேஸையும் முதலில் சரியான அளவில் வைத்துவிட்டு, கிட்டாரை அடியிலிருந்து மெல்ல ஏற்றுங்கள். கிட்டாரிலிருந்து தொடங்கினால் ஸ்நேருக்கு இடமே இருக்காது. கிட்டாரில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். சியின் 65 ஹெர்ட்ஸ் அடிப்படை போய்விடுமே என்று பயப்பட வேண்டாம், அந்த நிலம் பேஸுடையது. முன்னே சொன்ன 32.7 ஹெர்ட்ஸ் கழித்தலும் பேஸின் அடிப்படையோடு மோதாமல் ஒதுங்கும். மேலே 8 கிலோஹெர்ட்ஸுக்கு அப்பால் ஃபஸ்ஸில் சிராய்ப்பைத் தவிர ஒன்றும் இல்லை, அதையும் வெட்டலாம்.

ரிவர்பில்தான் (செயற்கை எதிரொலிப்பு) பலர் விழுகிறார்கள். இருட்டு வேண்டும் என்று எல்லாவற்றின் மேலும் ஊற்றுவார்கள். கிடைப்பது தூரம், கனம் அல்ல. ரிதம் கிட்டாரை ரிவர்ப் இல்லாமல் வறட்சியாக விடுங்கள். ட்ரம்ஸுக்கு 0.7 விநாடி அறை ரிவர்ப். குரலுக்கும் லீடுக்கும் 3 முதல் 4 விநாடி ஹால், 40 மில்லிசெகண்ட் ப்ரீடிலே (ரிவர்ப் தொடங்கும் முன் வரும் இடைவெளி), ரிவர்பிலேயே 200 ஹெர்ட்ஸுக்குக் கீழ் வெட்டு. நீளத்தை கார்ட் மாற்றத்தோடு பொருத்திப் பாருங்கள்: 50 பிபிஎம்மில் பாருக்கு ஒரு கார்ட் என்றால் 3.5 விநாடி ரிவர்ப் அடங்கிவிடும். 70இல் பார் 3.4 விநாடிதான், பழைய கார்டின் வால் புதிய கார்டின் மேல் விழும், டூம் ரிஃப்கள் அரை ஸ்வரம் நகர்பவை என்பதால் அது உரசும்.

சாதாரணப் பேச்சுக்குரல் அளவில் வைத்து மிக்ஸ் செய்யுங்கள். சத்தமாகக் கேட்டால் எந்த டூமும் நன்றாகத்தான் இருக்கும். ஒப்பிட ஒரு ஆல்பத்தை எடுத்து, உங்கள் மிக்ஸின் அளவுக்கு அதை 6 முதல் 8 டெசிபல் இறக்கிய பிறகே மாற்றி மாற்றிக் கேளுங்கள்.

மாஸ்டர், வெளியீடு

ஸ்பாட்டிஃபை சாதாரண அமைப்பில் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (சராசரி சத்தத்தின் அலகு) அளவுக்கு எல்லாவற்றையும் இறக்கிவிடுகிறது. மைனஸ் 7க்கு நசுக்கிக் கொடுத்தால் கிடைப்பது நசுங்கிய ஒலி மட்டும்தான். மைனஸ் 11 சுற்றி நிறுத்தி, ட்ரூ பீக் (உண்மையான உச்சம்) மைனஸ் 1. லிமிட்டரின் (உச்சத்தைத் தாண்டவிடாமல் அமுக்கும் கருவி) ரிலீஸை, அதாவது அமுக்கிய பிறகு விடுவிக்க அது எடுக்கும் நேரத்தை, கவனியுங்கள்: 32.7 ஹெர்ட்ஸின் ஒரு அலைக்கு 30 மில்லிசெகண்ட் ஆகும். ரிலீஸ் அதைவிடக் குறைந்தால் லிமிட்டர் ஒவ்வொரு அலையையும் தனித்தனியாக அமுக்கி பேஸைக் கரகரக்க வைக்கும். 100க்கு மேலே வையுங்கள். கடைசி கார்டின் ஃபேட் 15, 20 விநாடி போகட்டும். ஹெட்ஃபோனில் சத்தத்தை ஏற்றி அந்த வாலை மட்டும் கேட்டுப் பாருங்கள், மவுஸ் க்ளிக்கும் நாற்காலிக் கிறீச்சும் அங்கேதான் பதுங்கியிருக்கும்.

வினைலுக்கு லிமிட்டர் அடிக்காத தனி மாஸ்டர் கொடுக்க வேண்டும். அதில் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே மோனோ. தட்டின் உள்வட்டத்தில் மேல் அலைவரிசை மங்கும், ஆகவே பக்கத்தின் கடைசிக்கு இருண்ட, மெதுவான பாட்டை வையுங்கள். கேசட்டுக்கு இரு பக்கமும் ஏறக்குறையச் சம நீளம். இல்லையென்றால் ஒரு பக்கத்தில் வெறும் டேப் ஓடும்.

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவில் 20 நிமிடப் பாட்டின் வேவ் ஃபைல் சுமார் 346 எம்பி. இசைக்காரர்கள் நேரடியாக விற்கும் தளமான பேண்ட்கேம்ப்பில் ஒரு ட்ராக்குக்கு அளவு வரம்பு உண்டு, ஃப்ளாக்காக (தரம் இழக்காமல் சுருக்கும் வடிவம்) மாற்றி ஏற்றினால் தரம் குறையாமல் உள்ளே போகும். அட்டைப்படம் குறைந்தது 1400 பிக்ஸல் சதுரம். டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம், கேசட், சட்டை போன்றவற்றில் 10 சதவீதம் அவர்களுக்கு. ஸ்பாட்டிஃபையில் 20 நிமிடப் பாட்டும் மூன்று நிமிடப் பாட்டும் ஒரே ஸ்ட்ரீம் கணக்குத்தான், டூம் செய்பவருக்கு அங்கே பணம் பார்ப்பது கஷ்டம். அதற்காகப் பாட்டைத் துண்டு போடாதீர்கள். இந்த இசையைத் தேடி வாங்குபவர்கள் பேண்ட்கேம்ப்பிலும் கேசட்டிலும் இருக்கிறார்கள்.

வெளியிட்ட கையோடு ஆம்ப் ப்ளகின் போடாத மூல ட்ராக்குகள், மிடி (ட்ரம்ஸ் அடிகளின் குறிப்பு), டெம்போ மேப், லிமிட்டருக்கு முந்தைய மிக்ஸ் நான்கையும் இரண்டு வேறு டிரைவில் எடுத்து வையுங்கள். கேசட் லேபிள்கள் ஒரு வருடம் கழித்துக்கூட வந்து கேட்கும், அப்போது அந்த ப்ளகின் பதிப்பு உங்கள் கணினியில் திறக்காமல் போகலாம்.